தொட்டிக்கு எழுதியது

“என் பேரைத் தூக்கிட்டானுவ, டீச்சர்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார் இசக்கியப்பன்.

எஸ்தர் டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். கடலைத் தோலும் தூசியுமாகக் கொட்டியது.

“உள்ள வாங்க அண்ணாச்சி. யாரு தூக்கினா?”

“கம்பெனிக்காரனுவ. பெரியகுளத்துக் கரையில போர்டு மாட்டியிருக்கானுவல்லா, அவனுவதான்.”

இவர்கள் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இசக்கியப்பன் பாலிடெக்னிக்கில் லேப் டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். டீச்சர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் குரு டீச்சர்தான், சிஷ்யப்பிள்ளை இசக்கியப்பன்தான். நல்லான்குளத்தில் சைக்கிள் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் டீச்சர் புரோகிராம் எழுதச் சொல்லித்தருவார். காசு வாங்கமாட்டார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதிலும் சொல்லமாட்டார்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் என்ன எழுதினாலும், முதல் வரிக்கு மேலே மூன்று விஷயம் எழுதிவைக்க வேண்டும். யார் எழுதியது, எதற்கு எழுதியது, எங்கே தவறும். அந்த வரிகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மனுஷன் படிப்பதற்கு மட்டும்தான் அவை. வகுப்பில் அதற்குப் பெயர் நெத்தி.

நெத்தி இல்லாத புரோகிராமை டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

“விவரமா சொல்லுங்க,” என்றார்.

இசக்கியப்பன் கொட்டித் தீர்த்தார்.

சில வருஷம் முன்னால் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்காக அவர் ஒரு புரோகிராம் எழுதினார். தொட்டியின் வாயில் ஒரு சென்சார். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும், நிறைந்தால் மோட்டார் நிற்கும். நன்றாக வேலை செய்தது. நாலு பேருக்கு உதவட்டும் என்று அதை இணையத்தில் ஓப்பன் சோர்ஸாகப் போட்டுவைத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுச் சம்பாதிக்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, நெத்தியை அழிக்கக் கூடாது.

அதைத்தான் அந்தக் கம்பெனி எடுத்திருந்தது. எடுத்து, குளம் நிறைந்தால் சங்கு ஊதுகிற வெள்ள எச்சரிக்கைப் பெட்டி என்று பெயர் சூட்டி, ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தது.

“உங்களதுதான்னு எப்படித் தெரியும்?”

“கரையடித் தெருவுல உலகம்மா இட்லிக் கடையில உக்காந்து போர்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர். கரண்டு போய் வந்தது. குளம் எத்தனை அடின்னு காட்டணும்லா, கண்ணை மூடித் தொறக்கற நேரம் தொண்ணூத்தி ஒண்ணுன்னு காட்டிட்டு, அப்புறம் ரெண்டுன்னு காட்டுது. தொண்ணூத்தி ஒண்ணு என் தொட்டியோட ஆழம். சென்டிமீட்டர். முதல்ல அந்த எண்ணைத்தான் காட்டணும்னு நான்தான் எழுதினேன்.”

“சரி.”

“லேப்புக்கு ஒரு பெட்டி குடுத்திருக்கானுவ, பிள்ளைகள் பாக்கட்டும்னு. திறந்து பாத்தேன். வரிக்கு வரி என்னதுதான். புரோகிராம்ல தொட்டி நிறைஞ்சா கூப்பிடற பகுதிக்கு என் வீட்டுக்காரி பேரைத்தான் வச்சிருந்தேன், பாக்கியம்னு. அங்கயும் பாக்கியம்தான். பொண்டாட்டி இருக்கா, புருஷனைக் காணோம்.”

டீச்சர் சிரித்தார். இசக்கியப்பன் சிரிக்கவில்லை.

“நெத்தியை மொத்தமா வழிச்சு எடுத்துட்டு, அவனுவ கம்பெனிப் பேரைப் போட்டு, எல்லா உரிமையும் எங்களுக்கேன்னு எழுதியிருக்கானுவ. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு. காசா கேட்டேன்? பேரு, டீச்சர். ஒரு வரி. அதுக்குக்கூடவா இடமில்லாம போச்சு?”

அவருக்கு இது நாற்பது வயதுக்கு மேல் படித்த வித்தை. அவர் வேலையில் இருந்த இத்தனை வருஷத்தில் பாலிடெக்னிக்கில் ஒரு கல்வெட்டிலும் அவர் பெயர் கிடையாது. எங்கேயாவது அது இருந்ததென்றால் அந்த நெத்தியில்தான்.

டீச்சர் கீபோர்டைத் திருப்பி வைத்தார்.

“நெத்தியில என்ன இருந்தது, அண்ணாச்சி?”

“என் பேரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை, டீச்சர். என் பேருதான்.”

டீச்சர் கீபோர்டை மறுபடி கவிழ்த்தார்.

“போய் வாசிச்சுட்டு வாங்க.”

அவ்வளவுதான். மறுபடி கீபோர்டைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

குரு ‘வேற?’ என்று ஒரு சொல் கேட்டுவிட்டால் சிஷ்யனுக்கு ஞானம் பிறந்துவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இசக்கியப்பனுக்குக் கோபம்தான் பிறந்தது. வயிறு எரிந்து வந்தவனிடம் புதிர் போட்டு அனுப்புகிறார்களே என்று படியிறங்கும்போது கண் கலங்கியது.

அவர் வாசிக்கவில்லை. தான் எழுதியதைத் தானே எதற்கு வாசிக்க வேண்டும்?

*

கம்பெனிக்கு மெயில் போட்டார். இது என்னுடையது, என் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

ஆடி போய் ஆவணி வந்த பிறகு பதில் வந்தது. எங்கள் தயாரிப்பு முழுவதும் எங்கள் பொறியாளர்கள் உருவாக்கியது. தங்கள் புரோகிராம் எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை.

பிள்ளையைப் பெற்றவளிடமே போய், இது உன் பிள்ளை இல்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. உலகம்மா கடையில் போய் உட்கார்ந்தார்.

உலகம்மா கட்டியவனைப் பறிகொடுத்தவள். மகன் திருப்பூரில். கரையை ஒட்டிய வீட்டின் முன்பக்கத்தில் இட்லிக் கடை. எதிரே நிமிர்ந்தால் போர்டு. காலையில் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இட்லி வைப்பதற்கு முன்னால் குளம் எத்தனை அடி என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

“இது வந்த பெறகுதான் அண்ணாச்சி நான் ஒழுங்காத் தூங்குதேன். முன்னால மழைன்னா முழிச்சுக்கிட்டே கெடப்பேன். இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்.”

இசக்கியப்பனால் அடக்க முடியவில்லை.

“அது நான் எழுதினது, உலகம்மா.”

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆதாரம் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

“அப்படிச் சொல்லுங்க. நம்ம அண்ணாச்சி எழுதினதா. அப்போ எனக்கு என்ன பயம்?”

ஒரு வடையைக் கூடுதலாக வைத்தாள். அன்றைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னாள். உலகத்தில் அவர் பெயரை அவருக்குக் கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

ஆனாலும் பாருங்கள், மனசு அதில் நிறையவில்லை. இட்லிக்கடைக்காரி ஒத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது, கம்பெனி அல்லவா ஒத்துக்கொள்ள வேண்டும் என்றே அது அரித்தது. சோறு இறங்கவில்லை. பாக்கியம் பேசினாலும் எரிந்து விழுந்தார். டீச்சரின் ‘வேற?’ வேறு காதிலேயே நின்றது.

ஒருநாள் ஷேவ் பண்ணும்போது சட்டென்று பிடிபட்டது போல இருந்தது.

வேற என்ன இருந்தது? ஆசை இருந்தது. நான் என்ற அகம்பாவம் இருந்தது. அதைத்தான் டீச்சர் கேட்டிருக்கிறார்.

இந்த மாதிரிக் கதைகளில் எல்லாம் கடைசியில் சிஷ்யன் எதையாவது விட்டுவிடுவான். விட்டதும் விடிந்துவிடும். இசக்கியப்பன் அப்படிக் கதைகள் நிறையக் கேட்டவர். அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பெனிக்கு இன்னொரு மெயில் போட்டார். அந்த புரோகிராமுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இனி அதை என்னுடையது என்று சொல்லமாட்டேன்.

இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. நன்றி என்று.

அரைகுறையாக விடக் கூடாது என்று உலகம்மாவிடமும் போனார்.

“அது என்னது இல்லை, உலகம்மா. சும்மா பெருமைக்குச் சொன்னேன்.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “என்ன அண்ணாச்சி, ஊரெல்லாம் சொல்லிட்டேனே. வடையைத் திருப்பித் தாங்க,” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் குளம் எத்தனை அடி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இசக்கியப்பனுக்கு வலித்தது. வலித்ததால் இது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது போய், விடாமல் பெய்ய ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. குடையை மடக்கிக்கொண்டு மாடியேறி வந்த இசக்கியப்பனின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

“விட்டுட்டேன், டீச்சர்.”

“எதை?”

“பேரை. என்னது இல்லைன்னு எழுதியே குடுத்துட்டேன். மனசு லேசாயிட்டு.”

டீச்சர் வாழைப்பழத்தை வாங்கவில்லை.

“வாசிச்சீங்களா?”

“வாசிக்கத் தேவையில்லை டீச்சர். நீங்க கேட்டது புரிஞ்சுபோச்சு.”

“அண்ணாச்சி, வாசிச்சீங்களா?”

“இல்லை.”

டீச்சர் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். இணையத்தில் இசக்கியப்பன் போட்டுவைத்த பழைய பக்கம் அதில் இருந்தது.

“சத்தமா வாசிங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தார்.

“எழுதியவர், நல்லான்குளம் இசக்கியப்பன். எதற்கு எழுதியது, வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு. எங்கே தவறும்…”

குரல் தேய்ந்தது.

“வாசிங்க.”

“எங்கே தவறும். சென்சார் பேச்சை நிறுத்திவிட்டால், கடைசியாகச் சொன்ன அளவையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அது போதும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் என்னைக் கேளுங்கள்.”

கீழே அவர் போன் நம்பர்.

தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது.

“குளத்துச் சென்சார் நின்னுபோனா?” டீச்சர் கேட்டார்.

“முந்தின அளவையே காட்டும்.”

“சங்கு ஊதுமா?”

“ஊதாது. பச்சை விளக்குதான் எரியும். எல்லாம் சரியா இருக்குன்னு.”

அவர் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாசமாக அவர் துக்கப்பட்டது ஒற்றை வரிக்கு. அழிந்தது அது மட்டும் இல்லை.

“நீங்க அன்னைக்குப் போனதுமே நான் இதை வாசிச்சுட்டேன்,” என்றார் டீச்சர். “உடனே போன் போட்டுச் சொல்லியிருக்கணும். தானா கண்டுபிடிச்சு வரட்டும்னு இருந்துட்டேன். வாத்தியார் புத்தி. கோடைக்காலம்தானே, குளம் காஞ்சு கெடக்கேன்னு இருந்துட்டேன்.”

டீச்சர் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி இசக்கியப்பன் கேட்டதில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

“போன் போடுங்க அண்ணாச்சி.”

*

கம்பெனியில் ஒரு பையன் எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

“சார், அந்த புரோகிராம் உங்களோடது இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே.”

“தம்பி, அது என்னதுதான். அதுல ஒரு தப்பு இருக்கு. என் தப்பு. சென்சார் நின்னா தெரியாது.”

“முதல்ல உங்களோடதுன்னீங்க. அப்புறம் இல்லைன்னீங்க. இப்போ மழை நேரம் பாத்து மறுபடியும் உங்களோடதுங்கிறீங்க. பேரு கிடைக்கலைன்னு பயங்காட்டினா எப்படி சார்? எங்க வக்கீல்கிட்ட பேசிக்குங்க.”

நகராட்சியில் பேசினார். பெட்டி நல்லாத்தானே வேலை செய்யுது, பதினோரு அடி காட்டுதே என்றார்கள். பதினாலு அடிக்கு மேல் போனால் அல்லவா பயம்.

“எப்ப இருந்து பதினொண்ணு காட்டுது?” என்று டீச்சர் போனை வாங்கிக் கேட்டார்.

காலையிலிருந்து அப்படியேதான் இருக்கிறது, ஏறவே இல்லை, நல்லதுதானே என்றார் அந்த முனையில் இருந்தவர்.

காலையிலிருந்து மழை நிற்கவே இல்லை.

இரண்டு பேரும் ஓடினார்கள். டீச்சர் மேலத்தெரு வழியாகப் போய்க் கதவு கதவாகத் தட்டினார். அவரிடம் பிள்ளைகள் படிக்கிற வீடுகள் அங்கே நிறைய. டீச்சர் சொன்னால் காரணம் இருக்கும் என்று குழந்தை குட்டியோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இசக்கியப்பன் கரையடித் தெருவுக்குப் போனார்.

கரைமேல் ஏறிப் பார்த்தார். சென்சார் கட்டியிருந்த கம்பமே தண்ணீருக்குள் போயிருந்தது. குளம் கரையின் உதட்டைத் தொட்டுத் தளும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே போர்டு. பதினொன்று. பச்சை விளக்கு. அவர் எழுதினபடியே, ஒரு வரி பிசகாமல் அது வேலை செய்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடிவந்து கத்தினார். சிலர் கிளம்பினார்கள். பலர் போர்டைக் காட்டினார்கள்.

உலகம்மா கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“கிளம்பு, உலகம்மா. குளம் நிறைஞ்சுட்டு.”

“பதினொண்ணுதானே காட்டுது?”

“அது பொய். சென்சார் முங்கிட்டு. அது பழைய அளவையே காட்டுது.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் எழுதினது, உலகம்மா. நான்தான் எழுதினேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாவம் என்கிற பார்வை.

“அன்னைக்கு ஒங்களதுன்னு சொன்னிய. அப்புறம் இல்லைன்னு சொன்னிய. இப்ப மறுபடியும் ஒங்களதுங்கிய. ஏன் அண்ணாச்சி இப்படி? நான் ஒங்களை ஒண்ணும் நெனைக்கல. நனையாம வந்து உக்காருங்க, ரெண்டு இட்லி சாப்பிடுங்க.”

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் பதறாமல் விடுவித்துக்கொண்டாள்.

“போர்டு பன்னெண்டு ஆகட்டும் அண்ணாச்சி. முதல் ஆளா நான் கிளம்புதேன். சத்தியம்.”

பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர். அவர் மருமகள், ஒரு கை பிடிங்க என்று அலறினாள். இசக்கியப்பன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை தாண்டினார். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உலகம்மாவைத் தூக்கிக்கொண்டாவது போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

தெருமுனை தாண்டியபோது பின்னால் கரை உடைகிற சத்தம் கேட்டது.

போர்டு பன்னிரண்டு ஆகவே இல்லை.

*

தண்ணீர் வடிந்த பிறகு விசாரணையும் வழக்கும் வந்தன. பெட்டி ஏன் சங்கு ஊதவில்லை என்று கேட்டார்கள்.

கம்பெனி பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தது. தவறு எங்கள் தயாரிப்பில் இல்லை. அதில் சேர்ந்திருந்த ஓர் ஓப்பன் சோர்ஸ் புரோகிராமில்தான் தவறு. அதை எழுதியவர் நல்லான்குளத்தைச் சேர்ந்த இசக்கியப்பன்.

அப்படி ஒன்றை எடுக்கவே இல்லை என்று எழுதிய அதே கம்பெனிதான்.

எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. டிவியிலும் வந்தது. இனிஷியலோடு, ஒரு எழுத்து விடாமல். பாக்கியம் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

திருப்பூரிலிருந்து வந்திருந்த உலகம்மாவின் மகன் ஒருநாள் கதவைத் தட்டினான். மொட்டைத் தலை. உள்ளே வரவில்லை.

“நீங்கதான் எழுதினதா?”

“ஆமா.”

“எங்க அம்மா போன்ல சொல்லிக்கிட்டே இருக்கும். அண்ணாச்சி எழுதினதுடா, ஒண்ணும் பயமில்லைடான்னு. அப்புறம் நீங்க இல்லைன்னு சொன்னதும் அதுக்கு மனசே கேக்கல. அவருதான் எழுதியிருப்பாரு, அடக்கத்துக்குச் சொல்லுதாருன்னுச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். அடிப்பான் என்று இசக்கியப்பன் காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் போய்விட்டான்.

இசக்கியப்பன் புரோகிராமைத் திருத்தினார். சென்சார் பேச்சை நிறுத்தினால் உடனே சங்கு ஊதுகிற மாதிரி. சின்னத் திருத்தம்தான், ஒரு டீ குடிக்கிற நேரம். அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். வக்கீலிடமிருந்து பதில் வந்தது. வழக்கு நடக்கும்போது சம்பந்தப்பட்டவரிடமிருந்து எதையும் வாங்க இயலாது.

*

தை பிறந்து ஒரு சனிக்கிழமை அவர் சைக்கிள் கடை மாடியேறினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். டீச்சர் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடுகிறார். இளைத்துப் போயிருந்தார். அவரைப் பார்த்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டார்.

இசக்கியப்பன் தரையில் உட்கார்ந்தார்.

“கரையை அடைச்சுட்டானுவ. பெட்டியைத் திரும்ப மாட்டிட்டானுவ, டீச்சர்.”

“புதுசா?”

“கேபிளை மட்டும் தடிமனா மாத்தியிருக்கானுவ. லேப்புக்கும் ஒண்ணு வந்திருக்கு. திறந்து பாத்தேன்.”

“உங்க திருத்தம்?”

“இல்லை. பழைய புரோகிராம்தான். பாக்கியம் அப்படியே இருக்கா. தொண்ணூத்தி ஒண்ணும் இருக்கு.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நெத்தி?”

“போட்டிருக்கானுவ. போடணும்னு கோர்ட்டுல சொன்னாவளாம், அதனால எல்லா ஊருப் பெட்டியிலயும் போட்டுட்டானுவ.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கண்ணைத் திறந்தார். கேட்க வேண்டாம் என்று பார்த்தார் போலிருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“நெத்தியில என்ன இருக்கு, அண்ணாச்சி?”

“என் பேரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை, டீச்சர். என் பேருதான்.”